முந்நூறு அப்பாக்களும் ஒரு பேட்ச் ஃபைலும்

"எண்பத்தி மூணாம் நம்பர் அப்பா பேசறது காதுலயே விழலை. எண்பத்தி நாலாம் நம்பர் அப்பா பேசினா ரிசீவரைத் தள்ளி வெச்சுக்க வேண்டியிருக்கு. என்னம்மா பண்ணப் போறே?"

ஸ்ரீரங்கன் கேட்டபோது சாருலதா கம்ப்யூட்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "பாக்கறேன் சார்" என்றாள். வேலையில் சேர்ந்ததிலிருந்து அவள் முதலாளியிடம் பேசியதில் பாதி இந்த இரண்டு சொற்கள்தான்.

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில், பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது 'சுபவாணி'. தொலைபேசியில் வரன் சொல்லும் இடம். பெண்ணையோ பிள்ளையையோ பெற்றவர்கள் படியேறி வந்து, தெர்மோகோல் ஒட்டிய தடுப்புக்குள் மைக் முன்னால் நின்று ஒரு நிமிடம் பேசுவார்கள். அது கம்ப்யூட்டரில் ஒரு எண்ணோடு பதிவாகும். வரன் தேடுகிறவர்கள் வீட்டிலிருந்தே டயல் செய்து, எண்ணை அழுத்திக் கேட்டுக்கொள்ளலாம்.

சாருலதா பௌதிகம் படித்தவள். பேசத் தயங்குகிறவளுக்கு ஊரெல்லாம் பேசுவதைக் கேட்கும் வேலை கிடைத்ததில் அவளுக்கே ஆச்சரியம். வேலை நிரந்தரமாகுமா என்பதுதான் தெரியவில்லை. தி. நகரில் அவள் அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

"வேலை நிலைச்சா சரி. இல்லேன்னா தை பொறந்ததும் நானே வந்து உங்க மைக்குல பேசிடறேன். ஸ்டாஃப் பொண்ணுன்னா கன்செஷன் தருவா."

முந்நூறு அப்பாக்களைக் கேட்டிருந்த சாருலதாவுக்கு, தன் அப்பா அந்த மைக்கில் என்ன பேசுவார் என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த பையன் ஒவ்வொரு பதிவாகத் திறந்து, மவுஸால் இழுத்து இழுத்துச் சத்தத்தைச் சரிசெய்தானாம். பாதியில் அமெரிக்காவில் வேலை கிடைத்துப் போய்விட்டான். சாருலதாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியில் ஒரு சின்ன நிரல் கிடைத்தது. படம், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை அடித்தால் சொன்னதைச் செய்யும். கட்டளைகளை ஒரு பேட்ச் ஃபைலில் வரிசையாக எழுதினாள். இந்த ஃபோல்டரில் உள்ள ஒவ்வொரு பதிவையும் எடு, சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கு, பெரிய சத்தத்தை அடக்கு, புது ஃபோல்டரில் எழுது. அவ்வளவுதான்.

எண்டரைத் தட்டிவிட்டுக் காபி குடித்து வருவதற்குள் முந்நூறு அப்பாக்களும் ஒரே சத்தத்தில் பேசினார்கள். ஸ்ரீரங்கன் முதல்முறையாக, "பேஷ்" என்றார்.

அந்த 'பேஷ்' ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

"அக்கா, இன்னா பண்ணிவெச்ச நீ?" என்று ஃபோன் எடுக்கும் ரத்னா வந்து நின்றாள். சைதாப்பேட்டைக்காரி. "ஃபோனு நிக்கவே மாட்டேங்குது. அல்லாரும் ஒரே கேள்வி. 'பின்னாடி பேசுற லேடி யாரு'ன்னு கேட்டுக்கினே கீறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ராங் நம்பர்னு வெச்சுட்டேன்."

அதற்குள் மந்தைவெளி வேதநாராயணன் மூச்சிரைக்க மாடியேறி வந்துவிட்டார். அவருடையது நூற்றிரண்டாம் எண்.

"என்ன சார் இது அக்கிரமம்! பொண்ணுக்கு இருபத்தாறுன்னு நான் சொல்றேன். 'முப்பது ஆயிடுத்தே'ங்கறது பின்னாடி! ஆத்துல அவ என்னைத் திருத்தறது போறாதா? ஊர் பூராத் திருத்தணுமா?"

சாருலதா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டாள்.

அப்பாக்கள் மைக் முன்னால் நின்றபோது அம்மாக்கள் பின்னால் நின்றிருக்கிறார்கள். புருஷன் எதைச் சொன்னாலும் திருத்தியே பழகிய வாய்கள், அங்கேயும் சும்மா இருக்கவில்லை. முன்பெல்லாம் காதில் விழாத அந்தக் கிசுகிசுப்பை, சின்னச் சத்தம் என்று பேட்ச் ஃபைல் பெரிதாக்கியிருந்தது.

"பையன் அமெரிக்கா போகப்போறான்" என்றார் ஒருவர். "விசா இன்னும் வரலை" என்றது பின்னால்.

"பொண்ணு நன்னாப் பாடுவா" என்றார் இன்னொருவர். "விட்டு நாலு வருஷம் ஆச்சு."

கிசுகிசுப்புக்குச் சுருதி கிடையாது. தொலைபேசியில் கேட்டால் எல்லா அம்மாக்களும் ஒரே அம்மாதான்.

"சாயங்காலத்துக்குள்ள அந்தப் பின்பாட்டு போயாகணும்" என்றார் ஸ்ரீரங்கன்.

"பாக்கறேன் சார்."

இந்த முறை பேட்ச் ஃபைலில் வேறு கட்டளை. பழைய பதிவுகளை எடு, இந்த அளவுக்குக் கீழே உள்ள சத்தத்தை வெட்டி எறி. ஓட்டினாள். நாலைந்து பதிவுகளின் தொடக்கத்தைக் கேட்டாள். அம்மாக்கள் மறைந்துவிட்டார்கள். நிம்மதியாக பஸ் ஏறி வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார் திருவல்லிக்கேணி அத்தர் கடை ஷாஹுல் ஹமீது.

"அஞ்சு வேளை தொழுவுற வீடும்மா எங்களுது. பையனுக்குக் குடி, சிகரெட்டு எதுவும் கெடயாதுன்னு வாயாரச் சொன்னேன். நேத்து சம்பந்தம் பேசுற வீட்டுல கேட்டுப்புட்டு ஃபோன் பண்றாங்க. 'பையனுக்குக் குடி, சிகரெட்டு'ன்னு ஓடுதாம். அத்தோட நின்னுபோச்சாம்!"

சாருலதா கேட்டுப் பார்த்தாள். அவர் சொன்னது நிஜம். வாக்கியம் முடியும் இடத்தில் எல்லோருக்கும் குரல் இறங்குகிறது. இறங்கிய குரலைப் பேட்ச் ஃபைல் பாரபட்சமில்லாமல் வெட்டியிருந்தது. வரதட்சிணை வேண்டாம் என்றவர்கள் எல்லோரும் இப்போது "எங்களுக்கு வரதட்சிணை" என்று கம்பீரமாக நிறுத்தினார்கள்.

"எல்லாத்துக்கும் கடைசில 'இல்ல'ன்னு ஒண்ணு ஒட்டிடேன்க்கா" என்றாள் ரத்னா.

"சொந்த வீடுன்னு சொன்னவருக்கும் ஒட்டிக்குமே!"

"அதுவும் பாதிப் பேருக்குக் கரெக்டாத்தான் இருக்கும்."

அளவைக் கொஞ்சம் குறைத்து மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும் என்று சாருலதா பழைய பதிவுகள் இருந்த ஃபோல்டரைத் திறந்தாள். அங்கேயும் "எங்களுக்கு வரதட்சிணை" என்றார்கள். அவசரத்தில், எழுதவேண்டிய புது ஃபோல்டரின் பெயரை அடிக்க விட்டுப்போயிருந்தது. பேட்ச் ஃபைல் பழைய பதிவுகள் மேலேயே எழுதிவிட்டது.

ஷாஹுல் ஹமீதைத் தேநீர் கொடுத்துச் சமாதானப்படுத்தி, அங்கேயே மறுபடி பேசவைத்து அனுப்பினாள். அவர் இந்த முறை 'கெடயாது' என்பதை மட்டும் பாத்திரக் கடைவரை கேட்கும்படி சொன்னார்.

ஸ்ரீரங்கன் முன்னால் போய் நின்றாள்.

"ஒரிஜினல் எங்கேம்மா?"

"இல்லை சார்."

"என்கிட்ட மிச்சம் இருக்கறது?"

"அம்மாக்கள் பேசறதுதான் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கத்தியிருந்தால் தேவலை போலிருந்தது.

"அதையே போட்டு வை. முந்நூறு பேரையும் மறுபடி கூப்பிட்டுப் பேச வைக்கணும். அந்த வேலை முடியட்டும். அப்புறம் உன்னைப் பத்தி யோசிக்கறேன்."

சாருலதா முதல்முறை எழுதிய புது ஃபோல்டரிலிருந்து கிசுகிசுப்பை மறுபடி ஏற்றினாள். தடுப்புக்குள் மைக் முன்னால் அப்பா நிற்பது கண்ணில் வந்தது. 'பொண்ணு கம்ப்யூட்டர்ல கெட்டிக்காரி' என்பார். பின்னாலிருந்து அம்மா என்ன சொல்வாள் என்பதும் தெரிந்திருந்தது.

அந்த வாரம் முழுவதும் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. ரத்னா ராங் நம்பர் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை படியில் கனமான காலடிகள் கேட்டன. அடையாறிலிருந்து வந்த ஒரு தம்பதி. அந்த அம்மாள் பட்டுப்புடவை. பின்னால் அவள் கணவர் தாம்பாளம் ஒன்றை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். சாருலதா மெல்ல எழுந்து, கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்த ஒயர்களைச் சரிபார்க்கிறவள் போலக் குனிந்துகொண்டாள்.

"சுபவாணி இதானே? என் பேரு சுலோசனா. எங்க பிள்ளை நிரஞ்சனுக்கு உங்க மூலமாத்தான் பொண்ணு அமைஞ்சிருக்கு. நாளைக்கு நிச்சயதார்த்தம்."

ஒயரைப் பிடித்திருந்த சாருலதாவின் கை நின்றது.

"எந்த நம்பர்?" என்று ஸ்ரீரங்கன் ஜாக்கிரதையாகக் கேட்டார்.

"நூத்தி ரெண்டு. மந்தைவெளிப் பொண்ணு."

"வயசு..."

"முப்பதுதானே? அதான் தெரியுமே. எங்க பிள்ளைக்கும் முப்பத்திரண்டு. இருபத்தாறுன்னு சொல்லியே அத்தனை பேரும் எங்களை அலைய வெச்சுட்டா. உங்ககிட்ட மட்டுந்தான் நெஜம் கெடைக்கறதுன்னு அடையாறு பூராப் பேச்சு. எங்க பில்டிங்லயே மூணு பேர் பதிவு பண்ண வரப்போறா."

ஸ்ரீரங்கன் மெதுவாகத் திரும்பி, ஒயர்களுக்கு நடுவில் தெரிந்த சாருலதாவின் பின்னலைப் பார்த்தார்.

"சாரு, அந்த ஃபோல்டரை யாரும் தொடவேண்டாம். திங்கக்கிழமை உன் நிரந்தர ஆர்டரை டைப் பண்ணிடலாம்."

"பாக்கறேன் சார்" என்று வாய் தவறி வந்தது. பிறகு சாருலதா எழுந்து நின்று, அந்த மாடிக்கு வந்த நாளிலிருந்து முதல்முறையாகச் சிரித்தாள்.

தாம்பாளத்தில் பூ, பழம், பத்திரிகை, நடுவில் மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப்புடவை. ஸ்ரீரங்கன் கையை நீட்டினார். சுலோசனா தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது உங்களுக்கில்லை. அப்பாக்களெல்லாம் அளந்து விடறச்சே, பின்னாடி நின்னுண்டு மெதுவா நெஜத்தைச் சொல்றதுக்கு ஒரு மாமியை வேலைக்கு வெச்சிருக்கேளே, அவாளைக் கொஞ்சம் கூப்பிடுங்கோ."