மரத்தில் கூவிய சேவல்

தலைக்கு மேலே கல்மெட்டின் போன் சேவல் மாதிரி கூவிக்கொண்டிருந்தது. கையை நீட்டினால் எட்டும். அவன் நீட்டவில்லை. அந்த ஈரப்பலா மரத்தின் அடியில் யாரோ நமேலே இலையைக் கட்டியிருந்தார்கள்.

நமேலே கட்டியதை எங்கள் தீவில் ஒருத்தரும் தொடமாட்டார்கள். தொட்டால் ஒரு பன்றி தண்டம். அதைவிடப் பெரிய தண்டம், பிறகு ஊர் பேசுகிற பேச்சு.

சிக்னல் விழுவது அந்த மேட்டில், அந்த மரத்தில் மட்டும்தான். ஊரிலுள்ள பதினொரு போன்களும் பிளாஸ்டிக் பைகளில் அதன் கிளைகளில் தொங்கும். கல்மெட்டின் போனில் பாட்டு உண்டு என்பதால், போகிறவர் வருகிறவரெல்லாம் அதை எடுத்துக் கேட்டுவிட்டு, சார்ஜ் தீர்ந்து உயிர் போனதும் திரும்ப மாட்டிவிட்டுப் போவார்கள்.

செவ்வாய்க்கிழமை அவன் கொப்பரை உலர்த்தப் போயிருந்தான். வியாழக்கிழமை வரவேண்டிய கப்பல் அன்றைக்கே வந்துவிட்டது. எங்கள் கப்பல்களுக்குக் கிழமை தெரியாது. நிறைமாதமாயிருந்த அவன் மனைவி லெய்வியா, சொல்லிக்கொள்ளாமலே தலைநகர் விலாவிலுள்ள ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று நர்ஸ் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். சாயங்காலம் அவன் வந்து பார்த்தால், வீட்டில் மனைவி இல்லை, மரத்தில் இலை இருக்கிறது.

கூவல் நின்றது. நல்ல சேதியா கெட்ட சேதியா தெரியாமல் தலைவர் வீட்டுக்கு ஓடினான்.

"தலைவரே, மரத்துல இலை கட்டினது நீங்களா?"

தலைவர் தரிபோ தெரியாது என்ற சொல்லை வாயால் சொன்னவரில்லை. கிழங்கை மெதுவாக மென்றார்.

"காரணம் இல்லாம கட்டுவாங்களா?"

"என்ன காரணம்?"

"அதச் சொல்ற நாள் வரும்."

தனக்கே தெரியாமல் ஊரில் ஓர் இலையா என்று அவருக்கு இரவெல்லாம் குழப்பம். அது வெளியே தெரியக்கூடாதென்று, காலையில் மேட்டுக்குப் போகும் பாதையில் தன் பங்குக்கு இன்னோர் இலையைக் கட்டிவிட்டார். முந்தின நாள் மரத்தடியில் நின்று கூவலையாவது கேட்க முடிந்தது. இப்போது அதற்கும் வழியில்லை.

லெய்வியாவின் தம்பி மாசிங்தான் யோசனை சொன்னான். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் சர்ச் கூரைமேல் ஏறினால் சிக்னல் கிடைக்குமாம். ஆறு மணி நேரம் நடந்தார்கள். இரண்டு ஆற்றைக் கடந்தார்கள். யாரிடமோ போனை இரவல் வாங்கிக் கூரைமேல் ஏறிய பிறகு கல்மெட் சும்மா நின்றான்.

"போடேன் மச்சான்."

"நம்பர் சொல்லு."

"என்னக் கேக்குற? உன் பொண்டாட்டி நம்பர்தான?"

"லெய்வியான்னு அமுக்கினா வரும்."

"அது உன் போன்ல."

"உன் அக்காதான அவ? நீ சொல்லு."

"எனக்கும் அக்கான்னு அமுக்கினாத்தான் வரும்."

இரண்டு போனும் மரத்தில் தொங்கின. இருவரும் அதே ஆறு மணி நேரம் திரும்பி நடந்தார்கள்.

வெள்ளிக்கிழமை கல்மெட் மனதைக் கல்லாக்கிக்கொண்டு, பிள்ளை பிறந்தால் விருந்துக்கென்று வளர்த்த பன்றியைத் தலைவரிடம் ஓட்டிப் போனான். இலையை எடுத்துவிடுங்கள் என்றான். தலைவர் பன்றியைத் தடவிப் பார்த்தார். பாதையிலிருந்த இலையை எடுத்துவிட்டார். மரத்திலிருந்ததை மட்டும் தொடவில்லை.

"அதைக் கட்டின கைதான் அவுக்கணும்."

"கட்டினது நீங்க இல்லையா?"

தலைவர் பன்றிக்குத் தேங்காய் எடுக்க உள்ளே போய்விட்டார்.

கல்மெட் மரத்தடிக்கு ஓடினான். அதற்குள் ஊரில் ஒருத்தரையொருத்தர் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார்கள். கடைக்காரன்தான் கட்டினான் என்று பாதிப் பேர், கடைக்காரனைப் பிடிக்காதவன் கட்டினான் என்று மீதிப் பேர். மேலே சேவல் ஒருமுறை கூவியது. இரண்டாவது கூவலில் பாதியிலேயே தொண்டை அடைத்து அணைந்தது. அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த வியாழக்கிழமை, சொன்ன நாளில், கப்பல் வந்தது. படகிலிருந்து லெய்வியா இறங்கினாள். தோளில் துணி மூட்டை. மூட்டைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கால் உதைத்தது.

கல்மெட் இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றான். தொடலாமா என்று யோசிப்பவன் போல அந்தக் காலை ஒரு விரலால் தொட்டான்.

"கடைசி நேரத்துல தானா திரும்பிடுச்சு. பொண்ணு," என்றாள் அவள். "எத்தனை தடவ கூப்பிட்டேன்? கல்லு மாதிரி இருந்திருக்கியே."

அவன் இலையைச் சொன்னான். இரண்டாவது இலையைச் சொன்னான். மலை, கூரை, பன்றி எல்லாம் சொன்னான். கரையில் நின்ற தலைவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லெய்வியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மரத்துல கட்டினது நான். ஊரே பாட்டுக் கேட்டு உன் போனைச் சாகடிக்குதேன்னு, கப்பலுக்குப் போற வழியில கட்டினேன். இந்த வயித்தோட உன் போன் தொங்குற கிளை எட்டல, மரத்தடியிலயே கட்டிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லாமயா? கப்பல் கடலுக்குள்ள போயி சிக்னல் கிடைச்சதும் முதல் வேலையா உன் போனுக்கு மெசேஜ் அனுப்பினேனே, இலை என்னுது, நீ மட்டும் தொடலாம்னு."