ஏழு கறுப்பும் ஒரு மீசையும்

என் உயிர் இருக்கும்வரை என் மீசை என் மூக்குக்குக் கீழேதான் இருக்கும். இதை எங்கள் லீட்ஸ் நகரச் சந்தை முழுக்கக் கேட்கும்படி ஒரு புதன்கிழமை காலையில் நான் அறிவித்தேன். மீன்கடைக்காரர் கத்தியைத் தூக்கி ஆட்டினார். கறிக்கடை எல்சி விசில் அடித்தாள். அழகுச் சாமான் விற்கும் பக்கத்துக் கடை மாரீன் மட்டும், "உன் மீசையை இப்ப யாரு கேட்டா?" என்றாள்.

கேட்டது என் மனைவி.

நான் டெரெக் ஓல்ட்ராய்ட். தரைக்கம்பளம் விற்கிறவன். சின்ன வயதில் அடுத்தவன் கடையில் கம்பளச் சுருள் தூக்கி, முதுகு வளைந்து, அதற்கு ஈடாக வாய் நீண்டு, சொந்தக் கடை போட்டவன். பேரத்தில் என்னை ஜெயித்தவர் யாரும் கிடையாது. இந்த வாக்கியத்தின் முன்னால் "வீட்டுக்கு வெளியே" என்று சேர்த்துப் படித்துக்கொள்ளவும்.

மனைவி லொரெய்ன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அவள் காரில் பழகுகிறவன் காலடியில் ஒரு பிரேக், அவள் காலடியில் ஒரு பிரேக். எங்கள் குடும்பமும் அந்தக் கார் மாதிரிதான். ஒரே வித்தியாசம், என் காலடியில் பிரேக் கிடையாது.

பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து அவள் 'கோத்', அதாவது தலை முதல் கால் வரை கறுப்பிலேயே வாழும் கூட்டத்தில் ஒருத்தி. கறுப்புக் கவுன், கறுப்பு பூட்ஸ், கறுப்பு உதடு, கறுப்பு நகம். எங்கள் கல்யாணத்துக்கும் கறுப்பில்தான் வந்து நின்றாள். "யாரு செத்துட்டாங்க?" என்று என் அம்மா கேட்டாள். "உங்க பிள்ளையோட சுதந்திரம்" என்றாள் லொரெய்ன். அப்போது நான்தான் ரொம்ப நேரம் சிரித்தேன்.

அக்டோபர் கடைசியில் கறுப்புக் கூட்டம் முழுவதும் விட்பி கடற்கரைக்குப் போகும். லொரெய்ன் வருஷா வருஷம் அவள் அக்காவோடு போவாள். இந்த வருஷம் அக்காவுக்கு முழங்காலில் ஆபரேஷன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டீயைக் கையில் கொடுத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"டெரெக், இந்தத் தடவை நீ வர்ற."

"எங்க?"

"விட்பிக்கு. சனிக்கிழமை எல்லாரும் ஜோடி ஜோடியா கடற்கரை ரோட்டுல நடக்கிறோம். உனக்கும் லிப்ஸ்டிக், நெயில் பாலிஷ் எல்லாம் உண்டு."

"எனக்கா!"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

"தாராளமா கூட்டிட்டுப் போ. அந்தாளுக்கு வேற வேலை இல்ல. எனக்குச் சனிக்கிழமை கிளப்புல டாமினோ இறுதி ஆட்டம்."

"அப்புறம் அந்த மீசையை எடுத்துடணும். மீசைக்கு அடியில கறுப்பு லிப்ஸ்டிக் போட்டா, புகைபோக்கி துடைக்கிற பிரஷ்ஷு மை குடிச்ச மாதிரி இருக்கும்."

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், பிறகு வாய் திறக்கும், மூளை கடைசியில்தான் வந்து சேரும். "பெரிய லிப்ஸ்டிக்கு! கறுப்புன்னா கறுப்புதானே? அதுல என்ன இருக்கு? கண்ணை மூடிட்டு ஒண்ணை எடுத்து அப்ப வேண்டியது. கம்பளத்துல எத்தனை சாயம் பார்த்தவன் நான்! இந்த ஊருல நிறம் பார்க்கிறதுக்கு என்னை விட்டா ஆள் இல்ல."

"அப்படியா?" என்றாள் லொரெய்ன். அந்த "அப்படியா"வில் நான் சுதாரித்திருக்க வேண்டும். "அப்ப எனக்கு நீயே எடுத்துக் கொடேன். ஒரு லிப்ஸ்டிக், ஒரு பாலிஷ். வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் முன்னால வை. நான் ஒரு குறையும் சொல்ல முடியலைன்னா நீ ஜெயிச்ச. ஊர்லயே இரு, டாமினோ ஆடு. ஒரே ஒரு குறை கண்டுபிடிச்சாலும் மீசையை எடுத்துட்டு வண்டியில ஏறு."

"நடுவரும் நீயேவா? வேணும்னே குறை சொல்லுவ."

"என்கிட்ட படிக்கிற பிள்ளைங்களைக் கேளு. நல்லா ஓட்டினவனை நான் என்னைக்காவது சரியில்லைன்னு சொல்லியிருக்கேனா?"

அது உண்மை. அவள் ஈவு இரக்கம் இல்லாதவள், ஆனால் பொய் சொல்லமாட்டாள். உள்ளங்கையில் உள்ளங்கையை ஓங்கி அடித்தோம். எங்கள் சந்தையில் கையடித்துவிட்டால் அதற்குமேல் பேச்சு கிடையாது.

மறுநாள் நான் செய்த முட்டாள்தனம்தான் மேலே சொன்ன அறிவிப்பு. பந்தயத்தை எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். மீசை இருந்தால் ஜெயித்தேன், இல்லாவிட்டால் தோற்றேன் என்று சந்தைக்கே கணக்கு எளிதாகப் போயிற்று. கிளப்பில் டாமினோ கூட்டாளிகள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் என் மீசைக்கு எல்லாரும் எழுந்து நின்று பீர் குடிப்பதாகத் தீர்மானம்.

நான் மாரீன் கடைக்குப் போனேன்.

"கறுப்பு லிப்ஸ்டிக் ஒண்ணு எடு."

"எந்தக் கறுப்பு, கண்ணு?" எங்கள் பக்கம் எல்லாரும் எல்லாருக்கும் கண்ணுதான். கழுத்தை நெரிக்கும்போதும் கண்ணுதான்.

"கறுப்புக் கறுப்பு."

மாரீன் ஏழு குழல்களை வரிசையாக வைத்தாள். எனக்கு ஏழும் ஒன்றாகத் தெரிந்தன.

"இது என்ன, ஒரே பிரசவத்துல பிறந்ததா?"

"வாயை மூடிட்டுக் கையை நீட்டு." என் புறங்கையில் ஏழு கோடு இழுத்தாள். சாலையைக் கடக்கிற இடம் மாதிரி ஆயிற்று. "இப்பப் பாரு. இதுல நீலம் ஓடுது. இதுல பழுப்பு. இது கத்தரிக்காய்த் தோல். இது காஞ்ச ரத்தம். இதுல பச்சை. இது கரி. இது பளபளக்கும், ஆனா டீ குடிச்சா கோப்பைக்குப் போயிடும்."

"லொரெய்ன் எதை வாங்குவா?"

"அதைச் சொன்னா அது உன் தேர்வா?"

"உன்கிட்ட நான் என்னைக்காவது எதையாவது சும்மா கேட்டிருக்கேனா?"

"தினமும் கேக்கிற."

கையில் பார்த்து முடிவு செய்யலாம் என்று நினைத்தேன். அங்கேதான் என் தொழில் என்னைத் தடுத்தது. கம்பளம் வாங்க வருகிறவர்கள் கையகலத் துண்டைத் தடவிப் பார்த்து "இதுவே போதும்" என்பார்கள். நான் விடமாட்டேன். "அம்மா, கையில இருக்கிற துண்டு பொய் சொல்லும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, கிடக்கப்போற இடத்துல விரிங்க, ஜன்னல் வெளிச்சத்துல பாருங்க" என்பேன். அப்படிச் சொல்லித்தான் கடையை வளர்த்தேன். லிப்ஸ்டிக் கிடக்கப்போவது கையிலா? உதட்டில். லொரெய்ன் உதட்டைக் கேட்க முடியாது. மாரீன் தோல் வெயில் ஊருக்குப் போய் வந்த தோல். லொரெய்ன் மாதிரி வேகாத ரொட்டி நிறம் இந்தச் சந்தையில் இன்னும் ஒரே ஒரு ஆளுக்குத்தான்: எனக்கு.

"ஏழையும் கொடு. பாலிஷும் ஏழு. பார்த்துட்டுத் திருப்பித் தர்றேன்."

"லிப்ஸ்டிக்கைத் திருப்பி வாங்குவாங்களா யாராவது?"

அரைமணி நேரம் போராடினேன். கடைசியில் வாடிக்கையாளர் தடவிப் பார்க்க வைத்திருந்த பாதிக் குழல்களையும் பாதிப் புட்டிகளையும், அவள் கடைக்கு ஒரு மிதியடி வெட்டித் தருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டேன். பேரம் என்றால் அது பேரம்!

வெள்ளிக்கிழமை மதியமே கடையை அடைத்தேன். லொரெய்ன் யாருக்கோ வண்டியைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன்.

முதலில் நகம். விரலுக்கு ஒரு கறுப்பு. முதல் பூச்சு மழையில் நனைந்த சுவர் மாதிரி திட்டுத் திட்டாக நின்றது. இரண்டாம் பூச்சில்தான் நிறம் வாய் திறந்தது. பிறகு காயவேண்டும். மனிதனுக்கு மூக்கு அரிப்பதே நகப்பூச்சு காயும்போதுதான் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

அடுத்து உதடு. கீழுதடு சுலபம். மேலுதட்டைக் காணோம்! கண்ணாடியில் தேடினால், மீசை கூரை மாதிரி அதன்மேல் இறங்கிக் கிடந்தது. அடியில் தடவினால் மயிரெல்லாம் மை. கோடு எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது, ஒன்றும் புரியவில்லை. ஓரம் தெரியாமல் நிறத்தைச் சொல்லக் கூடாது. எந்தக் கம்பளக்காரனும் சொல்லமாட்டான்.

அடி வரிசையை மட்டும் லேசாக வெட்டினால் என்ன?

கத்தரியை எடுத்தேன். நகம் ஈரம் என்பதால் விரல் நுனி படாமல், நண்டு மாதிரி பிடித்துக்கொண்டு வெட்டினேன். இடது பக்கம் கொஞ்சம் ஏறிவிட்டது. வலது பக்கத்தைச் சமன் செய்தேன். இப்போது வலது ஏறியது. இடதைச் சமன் செய்தேன். ஆயுளில் ஒரு கம்பளத்தைக் கோணலாக வெட்டாதவன் நான். கோணலைப் பார்த்தால் என் கை நிற்காது. நிற்கவில்லை. இடம், வலம், இடம், வலம் என்று போய், கை ஓய்ந்து நிமிர்ந்து பார்த்தபோது மூக்குக்குக் கீழே தபால்தலை அளவு மீசை நடுவில் நின்றது. அந்த அளவு மீசையோடு ஐரோப்பாவில் எந்தத் தெருவிலும் தலைகாட்ட முடியாது.

ரேசரை எடுத்தேன். வேறு வழி?

ஒன்று சொல்லவேண்டும். இடம் வெறுமையானதும் வேலை பிரமாதமாக நடந்தது. பழுப்பு, சாக்லேட் திருடித் தின்ற வாய். பச்சை, ஆற்றில் கிடந்து மிதந்த பிணம். கத்தரிக்காய், பக்கத்துத் தோட்டத்தில் பிளாக்பெர்ரி பறித்து மாட்டிக்கொண்ட பையன். நீலம் ஓடிய அந்த மங்கல் கறுப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்ததும் எனக்கே சிலிர்த்தது. வெள்ளைத் தோலில் அது ராத்திரி மாதிரி உட்கார்ந்தது. நகத்துக்கு அதே கறுப்பை வைத்தால் செத்துப்போகும். உதடு மங்கல் என்றால் நகம் பளபளக்கவேண்டும், உள்ளே ஒரு சொட்டுச் சிவப்பும் வேண்டும். சுண்டுவிரலில் அது இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் மாதிரி நிறம் பார்க்கிறவன் இன்னும் பிறக்கவில்லை.

தாழ்ப்பாளைத் திறந்தேன். வாசலில் லொரெய்ன்.

அவள் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். சுண்டுவிரலைத் தூக்கி உதட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இதைத்தான் எடுத்தியா?"

"இதைத்தான்."

"உதடு மங்கல், நகம் பளபளப்பு. உள்ள கொஞ்சம் சிவப்பு." நகத்தை இன்னொரு தடவை சாய்த்துப் பார்த்தாள். "குறை சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல, டெரெக். நீ ஜெயிச்சுட்ட."

நான் குதித்தேன். "ஜெயிச்சேன்! கேட்டியா? ஜெயிச்சேன்!"

"ஆமா. நாளைக்கு நீ கிளப்புக்குப் போ. எல்லாரும் உன் மீசைக்கு எழுந்து நிக்கப்போறாங்களாமே?"

குதித்த கால் பாதியில் நின்றது.

"ஜெயிச்சேன்னு சொல்லுவேன்" என்றேன்.

"சொல்லு. மீசை எங்கன்னு கேப்பாங்க."

"நானே எடுத்தேன்னு சொல்லுவேன்."

"ஏன்னு கேப்பாங்க."

"லிப்ஸ்டிக் போட்டுப் பார்க்க..." வாக்கியத்தை நானே நிறுத்திக்கொண்டேன். மீன்கடைக்காரர் சிரிப்பது இங்கேயே கேட்டது.

லொரெய்ன் பூட்ஸைக் கழற்ற உட்கார்ந்தாள். "என்கூட விட்பிக்கு வர்றவன்னா வேற மாதிரி. பொண்டாட்டி மேல இருக்கிற ஆசையில தானா எடுத்துட்டுப் போயிருக்கான், என்ன மனுஷன்னு ஊரே சொல்லும். உனக்குத்தான் அது வேண்டாமே. நீ ஜெயிச்சவன்."

"நான் வர்றேன்."

"சேச்சே. கையடிச்சாச்சு. பேச்சு பேச்சுதான்."

"நானா வர்றேன்னு சொல்றேன்ல!"

"அக்காவோட சிநேகிதியை வரச்சொல்லலாம்னு இருக்கேனே."

"வேண்டாம்னு சொல்லு அவளை!"

"பெட்டி மூணு இருக்கு."

"தூக்குறேன்."

"கடற்கரைக் காத்துல என் குடையைப் பிடிக்கணும். குடை திரும்பிக்கிச்சுன்னா திட்டக்கூடாது."

"பிடிக்கிறேன், திட்டல."

"வசந்தத்துல ஒரு தடவை கூடுவோம். அதுக்கும்."

வாங்குகிறவன் அவசரத்தில் இருக்கிறான் என்று தெரிந்தால், கம்பளத்துக்கு அடியில் போடும் நுரை விரிப்பையும் சேர்த்து அவன் தலையில் கட்டுகிற ஆள் நான். அந்த வித்தையைச் சாப்பாட்டு மேசையில் பெருமையடித்து இவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

"அதுக்கும் வர்றேன்" என்றேன்.

அவள் கையை நீட்டினாள். அடித்தேன்.

சனிக்கிழமை விட்பியில் விடுதி அறைக்குள் போனதும் மூன்றாவது பெட்டியைத் திறந்தாள். முழங்கால் வரை நீண்ட கறுப்புக் கோட்டு ஒன்றை எடுத்து என்மேல் மாட்டினாள். தோள் சரி. கை சரி. என் வளைந்த முதுகுக்குக்கூட இடம் விட்டுத் தைத்திருந்தது.

"யாரு கோட்டு இது?"

"உன்னோடதுதான்."

"எப்ப தச்ச?"

"ஜூன் மாசம்" என்றாள், என் மேலுதட்டுக்கு லிப்ஸ்டிக் இழுத்துக்கொண்டே. "ஆடாத."

சாயங்காலம் கடற்கரை ரோட்டில் ஜோடி ஜோடியாக நடந்தோம். காற்று குடையைப் பிய்த்தது, நான் திட்டவில்லை. லொரெய்ன் ராணி மாதிரி முன்னால் போனாள். எனக்குப் பக்கத்தில் இன்னொருவர் தம் மனைவியின் பையைச் சுமந்துகொண்டு வந்தார். கனத்த உடம்பு, கறுப்பு உதடு. கன்னம் முழுக்க அன்றைக்குத்தான் தாடியை விட்டுப் பிரிந்த வெளுப்பு.

"பந்தயமா?" என்றார் மெதுவாக.

"ஆமாங்க."

"தோத்துட்டீங்களா?"

எனக்கு ரோஷம் வந்தது. நெஞ்சை நிமிர்த்தினேன். "ஜெயிச்சேன்!"

அவர் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"நானும்தான், கண்ணு."