பெருநாள் வெயிலும் நான் தேர்ந்தெடுத்த குழாயும்

தனியாக இருப்பவர்கள் வேலையை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. பேச ஆளில்லாத வீட்டில் அது மெல்ல மெல்லக் குடும்பத்தில் ஒருவராகிவிடும். கல்யாணமான மறுமாதமே கணவர் துபாய்க்குப் போய்விட, தலத்தெரு மாடி வீட்டில் நானும் சில பிளாஸ்டிக் குழாய்களும் குடித்தனம் நடத்தினோம்.

ஃபைபர் ஆப்டிக் கேபிளுக்குள் தலைமுடி போன்ற கண்ணாடி இழை ஓடும். அதைப் பொத்திவைக்கும் குழாயை எந்தப் பிளாஸ்டிக்கில் செய்வது என்று தேர்ந்தெடுப்பதுதான் கம்பெனியில் என் வேலை. பிபிடி என்றொரு பிளாஸ்டிக். விறைப்பு, முரட்டுப் பிடிவாதம். பாலிப்ரொப்பிலீனோ சொன்னபடி வளையும். (என் பேச்சைக் கேட்க வீட்டில் வேறு யார் இருந்தார்கள்?) டம்ளரைச் சுற்றி வளைத்துப் பார்த்து, "நீதான்டா தங்கம்" என்று கொஞ்சிக்கூட இருக்கிறேன்.

"வெயில்ல சுருங்கும்மா, அதையும் பாத்துக்கங்க" என்றார் மேனேஜர்.

"அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று சொல்லி, சோதனைக் கேபிளை எங்கள் வீட்டுத் தகரக் கூரைமேல் இழுத்து, இன்டர்நெட்டையும் அதிலேயே இணைத்தேன். (மொபைல் சிக்னல் அந்த வீட்டை எட்டிப் பார்த்ததே இல்லை.)

பெருநாள் வந்தது. கணவருக்கு மதியம் ஒரு மணி நேரம்தான் ஓய்வு. திருமலைராயன்பட்டினத்திலிருந்து மாமியாரை வரவழைத்தேன். "மச்சான் பக்கத்துல உக்காந்திருக்கிற மாதிரியே தெரியும், வாங்க மாமி" என்று பீற்றிக்கொண்டேன். (கணவரை நான் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன்.) மாமி பிரியாணிச் சட்டியோடு வந்தார்.

லேப்டாப்பில் கணவர் முகம் தெரிந்தது. "உம்மா, சாப்..." என்றார். அவ்வளவுதான். வாய் திறந்தபடி, ஒரு கண் மூடியபடி அப்படியே நின்றுவிட்டார். என் பழைய லேப்டாப்பும் சேர்ந்து மூச்சை நிறுத்திக்கொண்டது. ஒரு வார வெயிலில் என் தங்கம் சுருங்கி, உள்ளே இழை நெளிந்து, வெளிச்சம் வழியிலேயே கசிந்துபோயிருந்தது.

கூரைக்கும் லேப்டாப்புக்குமாக ஓடினேன். அவருடைய ஒரு மணி நேரம் போயே போய்விட்டது. பெருநாளும் அதுவுமாகப் புதுப்புடவையோடு கொதிக்கும் கூரையில் நின்று அழுதேன். அவர் துபாய்க்குப் போனதிலிருந்து அன்றைக்குப் போல் நான் தனியாக உணர்ந்ததில்லை.

இறங்கி வந்தால், மாமி திரைக்கு முன்னால் ஒரு தட்டுப் பிரியாணி வைத்து, தானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கங்க மாமி. நான் எடுத்த குழாய்தான் எல்லாத்தையும் கெடுத்துடுச்சு."

"எதுக்கும்மா அழுவுற? எம் மவன் இவ்ளோ நேரம் எந்திரிச்சு ஓடாம எம் முன்னாடி உக்காந்ததே இல்ல. நீயும் வந்து உக்காரு."

மூன்று பேருமாகச் சாப்பிட்டோம்.

பிறகு பிபிடியைத்தான் தேர்ந்தெடுத்தேன். இப்போது எந்த வெயிலிலும் படம் நிற்பதில்லை. மகனோடு பேச மாமியும் அடிக்கடி வந்துவிடுகிறார். கணவர்தான் ஐந்து நிமிடத்தில், "சரி உம்மா, வேலை இருக்கு, வச்சிடுறேன்" என்பார்.

உடனே மாமி என் பக்கம் திரும்புவார்: "அந்தப் பழைய குழாயையே மாட்டி வுடும்மா."