தண்ணீர் கூலரா, கழிப்பறையா?

வேங்கிக்கால், திருவண்ணாமலை
3.5.1996

மதிப்பிற்குரிய பலராமன் மாமாவுக்கு, மதிவதனி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் வெயிலும் நலம். அங்கே அத்தையும் கறவை மாடுகளும் நலமாயிருக்க அண்ணாமலையாரை வேண்டுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, "யூனியன் பக்கமே போயிடாத, வாயத் தொறக்காத" என்றீர்கள். வாய் விஷயத்தில் எனக்குச் சிரமமே இருக்கவில்லை. எங்கள் கடலை எண்ணெய் மில்லில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பதைச் சொல்லவே ஆறு மாதம் ஆனது. ஹெட்கிளார்க்கிடம் சொன்னேன், "மேல சொல்றேன்" என்றார். சூப்பர்வைசரிடம் போனேன், அவரும் "மேல சொல்றேன்" என்றார். அதற்கு மேலே முதலாளி, அவருக்கு மேலே கூரைதான். கடைசியில் கடலை பொறுக்கும் வேதா அக்கா என்னைக் கையைப் பிடித்து யூனியன் கூட்டத்துக்கு இழுத்துப் போய்விட்டார்.

அங்கே எல்லாம் தலைகீழ் மாமா. பகலில் மூட்டை தூக்கும் சகாதேவன் அண்ணன் தலைவர் நாற்காலியில் இருக்கிறார். அவரை அதட்டும் ஹெட்கிளார்க் பெஞ்சில் உட்கார்ந்து, பேசக் கை தூக்குகிறார். "சார், நீங்க நெறைய பேசிட்டீங்க, உக்காருங்க" என்றதும் உட்கார்ந்தும்விட்டார்! முதலாளியிடம் ஒரே கோரிக்கைதான் வைக்கலாமாம். தண்ணீர் கூலரா, பெண்கள் கழிப்பறையா என்று ஓட்டு. கை தூக்குவதா, சீட்டு எழுதுவதா என்பதற்கே முதலில் ஒரு ஓட்டு; கை தூக்குவதே ஜெயித்தது. ஆண்கள் முப்பது பேர், நாங்கள் ஆறு பேர். "வெயில் ஜாஸ்திம்மா, கூலர் வந்தா உங்களுக்கும்தான?" என்றார் ஒருவர். என்னையறியாமல் எழுந்துவிட்டேன். "நாங்க காலையிலேர்ந்து தண்ணியே குடிக்கிறதில்லைங்க. குடிச்சா எங்க போறது?"

கழிப்பறைக்கு யார் யார் என்று சகாதேவன் அண்ணன் கேட்டார். முதலில் உயர்ந்தது ஹெட்கிளார்க்கின் கை. கழிப்பறை ஜெயித்தது. மறுநாள் சகாதேவன் அண்ணன் போய்க் கேட்டதும் முதலாளி ஒரே நிமிஷத்தில், "கட்டிக்கோங்க. இத்தன நாளா யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லயே?" என்றாராம்.

வந்த காரியம் முடிந்தது. இனி யூனியன் பக்கம் போக மாட்டேன், வாயும் திறக்க மாட்டேன். கவலைப்படாமல் அத்தையோடு சேர்ந்து என்னை ஆசீர்வதிக்கவும்.

தங்கள் அன்பு மருமகள்,
மதிவதனி

பி.கு.: கழிப்பறையை எங்கே கட்டுவது என்று முடிவு செய்ய யூனியன் ஒரு குழு போட்டது. நாலு பேரும் ஆண்கள். அவர்கள் ஒருமனதாகத் தேர்ந்த இடம், முன்கேட்டுக்கு நேர் எதிரே, டீக்கடை பெஞ்சைப் பார்த்தபடி. இன்று மறுபடி எழுந்தேன். "போன கூட்டத்துலயே பேசிட்டியேம்மா, உக்காரு" என்றார்கள். உட்காரவில்லை மாமா. குழுவில் இப்போது ஐந்து பேர்.