பல்செட்டில் ஐந்து புழு

புழு வைத்தியரின் அறையில் அன்று நாற்பது வீங்கிய கன்னங்கள். அதில் ஒன்று என்னுடையது.

ஊசி வேண்டாம், குறடு வேண்டாம்! புழு வைத்தியர் முணுமுணுத்துக்கொண்டே குழாயால் வாய்க்குள் புகை ஊதுவார்; பல்லை அரிக்கும் புழு தானாகவே பஞ்சில் வந்து விழும். ஊரே நம்பியது. நான் மட்டும் சளைத்தவனா? ஆஸ்பத்திரியில் இருபது வருடமாக ஊசி போடுகிறவன் நான். "பயப்படாதீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று தினமும் ஐம்பது பேருக்குத் தைரியம் சொல்கிறவன். அதே எறும்பு என் ஈறைக் கடிக்கப்போகிறது என்றதும், பல் டாக்டர் வாசலிலிருந்து மூன்று முறை திரும்பி வந்த வீரன்.

"சீழ் கழுத்துக்கு இறங்கினா உயிருக்கே ஆபத்து மாப்ளே. டாக்டர்கிட்ட போகலாம், வாங்க" என்று மாமியார் கெஞ்சினார். நான் புழு வைத்தியரிடம் கிளம்பினேன். மாமியாரும் விடாமல் கூடவே வந்தார்.

எனக்கு இரண்டு புழு வந்தது. வலி போகவில்லை.

"உங்களுக்கு நம்பிக்கை பத்தலை" என்றார் வைத்தியர். நானும் வெட்கப்பட்டு, இன்னும் கொஞ்சம் நம்பிப் பார்த்தேன்.

மாமியார் முன்னால் வந்து உட்கார்ந்தார். "எனக்கும் கடவாப்பல்லு குடையுதுங்க."

வைத்தியர் எட்டிப் பார்த்து, "அடடா, புழுக்கூடும்மா இது!" என்றார். ஊதினார். பஞ்சில் ஐந்து புழு!

மாமியார் மேல், கீழ் இரண்டு பல்செட்டையும் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இதுலயா இருந்துச்சு? உங்க புழு பிளாஸ்டிக்கையும் தின்னுமா?" குழறலாக வந்தாலும் எல்லோருக்கும் புரிந்தது. பிறகு, வைத்தியரின் டப்பாவிலிருந்து புதுப் பஞ்சு உருண்டை ஒன்றை எடுத்துப் பிரித்தார். எந்த வாய்க்குள்ளும் போகாத அந்தப் பஞ்சில் இரண்டு புழுக்கள் நெளிந்தன.

வைத்தியர் பின்வாசல் வழியாக மறைந்தார்.

"பல்செட்டுலயே புழு எடுத்துட்டாரே, என்னா சக்தி!" என்றார் வரிசையில் ஒருவர். நானும் தலையாட்டப் போனேன். மாமியார் முறைத்ததில் கழுத்து பாதியில் நின்றது.

ஒரு மணி நேரத்தில் பல் டாக்டரின் நாற்காலியில் கிடந்தேன். ஊசியோடு குனிந்தவர் சொன்னார்: "பயப்படாதீங்க சார், எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

பொய். தேளே கொட்டியது. ஆனால் ஐந்து நிமிடத்தில் வாய் மரத்தது, பல் வெளியே வந்தது, சீழும் வடிந்தது. பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு புழுகூட இல்லை.

புழு இருந்த இடம் அதற்குக் கொஞ்சம் மேலே, மண்டைக்குள். அதை எடுக்க வைத்தியர் யாரும் கிடையாது. அவரவரே யோசித்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். வலிக்காது, எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும்.