தராசில் உட்கார்ந்த செல்வி

பாம்புக்கு அஞ்சாதவர்கள் சேந்தமங்கலத்தில் பலர் உண்டு. "இன்னும் சாப்புடலீங்க" என்ற ஒரு வார்த்தைக்கு நடுநடுங்கிப் போகிற மனிதர் பாண்காரர் ஒருவர்தான்.

சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் திரும்பி வந்த குடும்பம். குடும்பம் என்றால் அவரும் ஐந்து வயது மகள் செல்வியும் மட்டும். மனைவி அங்கேயே இறந்துவிட்டார். எங்கள் தெருமுனையில் அடுப்பு கட்டி ரொட்டி சுட்டார். ரொட்டியை அந்த நாட்டு வழக்கப்படி பாண் என்பார். அதுவே பெயராகிவிட்டது.

இழவு வீட்டுக்கு மாலையோடு போக மாட்டார், கூடை நிறைய பன்னோடு போவார். "மொதல்ல ரெண்டு தின்னுங்க, அப்புறம் அழுவலாம். வெறும் வயித்துல அழுதா மயக்கம் வரும்" என்பார். பெண்களும் தின்றுவிட்டு முன்னைவிடத் தெம்பாக ஒப்பாரி வைப்பார்கள். அடுப்படியின் சுத்தத்தைச் சோதிக்க வந்த அதிகாரி ஒருவர், எட்டு பன்னுக்குப் பிறகு எதைச் சோதிக்க வந்தோம் என்பதையே மறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாவு மூட்டை நிறுக்கிற தராசில் செல்வியை உட்கார வைப்பார். போன வாரத்தைவிட எடை கூடியிருந்தால் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் தேங்காய் பன். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் நாங்களே அவளுக்கு ஊட்டிவிடுவோம். அவள் போதும் போதும் என்பாள். விட மாட்டோம்.

செல்வி பெருத்துக்கொண்டே போனாள். "மகாலட்சுமியாட்டம் இருக்குது பாரு" என்று தாய்மார்கள் அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள். திட்டு வாங்கியது ஒல்லியான நாங்கள்தான்.

ஏழாம் வகுப்பில் அவள் நொண்ட ஆரம்பித்தாள். "முட்டி வலிக்குதுடி" என்றாள். சத்துக் குறைவு என்று முடிவு கட்டிய பாண்காரர், காலையில் இரண்டு முட்டையும் வெண்ணெயும் கூட்டினார். ஒரு மழை நாளில் பள்ளிக்கூட வாசலில் வழுக்கி விழுந்தவளால் எழ முடியவில்லை. நாங்கள் நாலு பேர் தூக்கியும் முடியவில்லை. வாத்தியார்கள் பெஞ்சில் படுக்க வைத்துத் தூக்கிப் போனார்கள்.

சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் நேராகவே சொன்னார்.

"வலி முட்டியில தெரிஞ்சாலும் கோளாறு இடுப்புல. பாரம் தாங்காம தொடை எலும்பு மூட்டுல நழுவிருச்சு. ஆபரேசன் பண்றோம். ஆனா இனிமே சாப்பாட்டைக் கொறைக்கணும். இல்லேன்னா இன்னொரு காலுலயும் நழுவிரும்."

"வேற எதுன்னாலும் செய்யறேன் ஐயா. பசிக்குதுன்னு கேக்குற புள்ளகிட்ட இல்லைன்னு மட்டும் சொல்லச் சொல்லாதீங்க."

துணைக்குப் போயிருந்த என் அம்மா வராந்தாவில் அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்கண்ணா, புள்ள நடக்க வேண்டாமுங்களா?"

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"செல்விக்கு மூத்தவ ஒருத்தி இருந்தா தங்கச்சி. தோட்டத்துல மாவு கெடைக்காத வருசம். பாண் கேட்டுக் கேட்டு அழுதா. நாளைக்கு, நாளைக்குன்னேன். நாலாம் நாள் கேக்கறத நிறுத்திட்டா. பசி அடங்கிருச்சுன்னு நெனச்சேன்."

இதை அம்மா எனக்குச் சொன்னது பிறகுதான்.

செல்வி ஒரு கால் சற்றுக் குட்டையாகி வீடு திரும்பினாள். "எங்க ஊட்டுலயே சாப்புடட்டுமுங்க" என்று அம்மா அளவாகக் களியும் கீரையும் போட்டாள். மூன்றாம் நாள் செல்வி எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து அடுப்படிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"அப்பா, ஒரே ஒரு பன்னுப்பா."

அவர் கை தட்டு வரைக்கும் போனது. அங்கேயே நின்றது.

"இல்ல, சாமி."

சொல்லிவிட்டு அடுப்புக்குப் பின்னால் போய்விட்டார். உள்ளே இருந்த பாண் முழுதும் கருகியது. தெருவெல்லாம் புகை. வெளியே வரவேயில்லை.

அன்றிலிருந்து மகள் தின்ற அளவுக்கு மேல் அவரும் தொடவில்லை. ஒரு வருசத்தில் செல்வி பாதி இளைத்தாள். அவர் இருக்கிற இடம் தெரியாமல் இளைத்துப் போனார். தராசை யாருக்கோ கொடுத்துவிட்டார்.

செல்வி இப்போது நாமக்கல்லில் இருக்கிறாள். தாங்கித் தாங்கித்தான் நடக்கிறாள். அவர் போய்ப் பல வருசமாகிவிட்டது.

என் மகள் தட்டில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தால் நான் ஒன்றும் சொல்வதில்லை. அவர் இருந்திருந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடியிருப்பார்.

நானும் தடுத்திருக்க மாட்டேன்.