உயிர் மூச்சு கேட்பவர்கள் கையைத் தூக்கவும்

கண்ணாடிக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் நாதகுருவின் அறை. மாடிப்படி முழுக்க இசையமைப்பாளர்கள். இதுவரை ஒரு பாட்டையும் முடிக்காத இசையமைப்பாளர்கள் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். ஆளுக்கொரு மடிக்கணினியைக் கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மடிக்கணினி இல்லாத ஒருவர் மேசைக் கணினியின் பெட்டியையே கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தெருவில் போனவர்கள், பாவம் வீட்டில் யாருக்கோ முடியவில்லை போலிருக்கிறது என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அவர்களுக்கு என்ன வியாதி? பாட்டு முடியமாட்டேன் என்கிறது. எல்லோருக்கும் இதே வியாதிதான். மெட்டு ஜோராகத் தொடங்கும், பாதியில் படுத்துவிடும். சோம்பலாக இருக்குமோ என்று சாதாரண மனிதன் கேட்பான். பயிற்சி போதவில்லையோ என்று கொஞ்சம் விவரம் தெரிந்தவன் கேட்பான். நாதகுரு அப்படியெல்லாம் மனம் நோகப் பேசுகிறவர் அல்ல. "தப்பு உங்க மேல இல்ல. உங்களுக்கும் உங்க சாப்ட்வேருக்கும் பொருத்தம் இல்ல, அவ்வளவுதான்" என்பார். தப்பு நம் மேல் இல்லை என்று சொல்கிறவரை யாருக்குத்தான் பிடிக்காது? இரண்டு மாடி ஏறி, வரிசையில் நின்று, காணிக்கையும் கொடுத்துக் கேட்கத்தக்க வார்த்தை.

அவருடைய தத்துவம் மிக எளிது. ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு பிறவிச் சுரம் உண்டு. கணினியில் இசையமைக்கும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு மூலச் சுரம் உண்டு. இரண்டும் ஒத்துப்போனால் பாட்டு பிய்த்துக்கொண்டு போகும். ஒத்துப்போகாவிட்டால் நீங்கள் தலைகீழாக நின்றாலும் ஒரு பல்லவி தேறாது. பிறவிச் சுரத்தைக் கண்டுபிடிக்க ஹெட்போனின் ஒரு பக்கத்தை உங்கள் நெற்றியில் அழுத்துவார், மறுபக்கத்தைத் தன் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். நெற்றி எப்போது பாடத் தொடங்கியது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தன் நெற்றி என்ன பாடியது என்பதில்தான் ஆர்வம்.

அதிசயம் என்னவென்றால், உலகத்தில் எத்தனையோ மென்பொருள்கள் இருந்தும் எல்லா நெற்றிகளுக்கும் ஒன்றே ஒன்றுதான் பொருந்தியது. அதன் பெயர் 'உயிர்நாதம்'. அது அந்த அறையில் மட்டும்தான் கிடைக்கும். என்ன பொருத்தம் பாருங்கள்.

எல்லோரும் மெட்டு என்று கூப்பிடும் கீபோர்டுக்காரனும் அந்தப் படிக்கட்டில் ஒரு நாள் உட்கார்ந்தான். விசேஷ வீடுகளில் அடுத்தவர் போட்ட பாட்டையே வாசித்து வாசித்துச் சலித்தவன். முதல்முறையாக அவனுக்கென்று ஒரு வாய்ப்பு வந்திருந்தது. ஒரு நாடகக் குழு தங்கள் புது நாடகத்துக்கு முழு இசையும் அவனையே செய்யச் சொல்லியிருந்தது. பழைய கணினியோடு இலவசமாக வந்த மென்பொருளில் உட்கார்ந்து, அநேகமாக முடித்தும்விட்டான். அதில் ஓர் இடம், அம்மாக்காரி வீட்டைவிட்டு வெளியேறிக் கதவைச் சாத்தும் இடம், அவனுக்கே பிடித்திருந்தது. தன் வேலை தனக்கே பிடிப்பது அவனுக்கு ரொம்பப் புதிது.

நாடகத்தை நடத்தும் அம்மாள் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் உயிர் வேணும்" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் அவனை மாடி ஏற்றியது. உயிர் விற்கிற கடை ஊரில் அது ஒன்றுதானே.

நாதகுரு தரை வரை துணி தொங்கும் பெரிய மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவர். 'ஒலியோடு நீண்ட உறவு' என்று வாசலில் பலகை வைத்திருந்தாரே, அதில் ஒரு பொய்யும் கிடையாது. மெட்டுவின் நெற்றியைக் கேட்டார். முகம் சுளித்தார். பிறகு அவன் கொண்டுவந்த கதவு சாத்தும் இசையைப் பழைய மென்பொருளில் ஓடவிட்டார். சவசவ என்று இருந்தது.

"இப்ப உயிர்நாதத்துல கேளு தம்பி. பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மெல்லிசா ஒரு மூச்சு வரும். அதுதான் உயிர் மூச்சு. காது சுத்தமா இருக்கறவங்களுக்குத்தான் கேக்கும்."

மூச்சு கேட்டதா? கேட்டது என்று சொல்லாமல் இருக்க முடியுமா? அழுக்குக் காது என்று யார் பெயர் எடுப்பார்கள்? ஆனால் அதற்குப் பிறகு வந்த இசை நிஜமாகவே வேறாக இருந்தது. நிறைந்து, நெஞ்சில் வந்து மோதியது. மெட்டுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

குரு தீர்ப்புச் சொன்னார். உயிர்நாதத்தை வாங்கினால் மட்டும் போதாது. பழைய மென்பொருளில் செய்த அத்தனையிலும் தோஷம் இருக்கிறது. சனிக்கிழமை காலை எல்லோரும் கூடி, ஒரே நேரத்தில், பழைய பாட்டுகளை அடியோடு அழிக்கும் 'விடுதலை நிகழ்ச்சி' நடக்கும். மெட்டுவும் வந்து அழிக்கவேண்டும். பிறகு புதிதாகத் தொடங்க, குருவே தயாரித்த 'விதை ஓசைகள்' அடுத்த மேசையில் விற்பனைக்குக் கிடைக்கும். வயலைக் கொளுத்தச் சொல்பவரே விதையும் விற்றால் எவ்வளவு வசதி.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னான். அக்கா ஆஸ்பத்திரியில் காது கேட்கும் திறனைச் சோதிக்கிறவள். வாயும் காதும் கூர்மை. வாய் கொஞ்சம் கூடுதல்.

"அழிக்கப் போறியா?"

"தோஷம்கா. அவர் போட்டுக் காட்டினாரு. நானே கேட்டேன்."

"தோஷமுள்ள பாட்டை அவரோட சுத்தமான சாப்ட்வேர்ல போட்டுக் காட்டினாரே, அப்ப அதுக்குத் தோஷம் ஒட்டிக்கலையா?"

மெட்டு யோசித்தான். கோபம்தான் வந்தது. "உனக்கு மியூசிக் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. காதைப் பத்திக் கொஞ்சம் தெரியும்." அக்கா காய்ந்த துணியை மடித்துக்கொண்டே பேசினாள். "ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டா கையைத் தூக்குங்கன்னு சொல்லுவேன். நடுவுல வேணும்னே ஒண்ணும் போடாம சும்மா இருப்பேன். அப்பவும் பாதிப் பேர் கையைத் தூக்குவாங்கடா. பொய் சொல்றவங்க இல்ல. கேக்கணும்னு அவ்வளவு ஆசை. ஆமா, அந்த நாடகக்கார அம்மா உயிர்னு சொன்னது எதைன்னு கேட்டியா?"

"கேக்கல."

"அவங்க கிட்ட ஒரு வார்த்தை கேக்க வாய் வரல. நெத்தியைக் கொண்டுபோய்க் காட்டிட்டு வந்திருக்கே."

அவன் போய்ப் படுத்துக்கொண்டான். கதவு சாத்தும் இசையை இன்னும் ஒரே ஒரு முறை கேட்டான். அழிக்கப்போகிறோம் என்று நினைத்ததும் மறுபடியும் ஒரு முறை கேட்டான். ஆனாலும் அழிப்பதாகத்தான் முடிவு. உயிர் வேண்டுமே.

சனிக்கிழமை அறை பிதுங்கியது. விளம்பரப் பாட்டுப் போடுகிறவர், கல்யாண வீடியோவுக்குப் பின்னணி போடுகிறவர், போன கூட்டத்திலேயே அழித்துவிட்டு இப்போது விதை ஓசை வாங்க வந்த பள்ளிக்கூடப் பாட்டு டீச்சர், எல்லோரும் தரையில். மெட்டு கணினியைத் திறந்து பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு, அழிக்கும் பொத்தானுக்கு மேலே விரலை வைத்துக் காத்திருந்தான். பக்கத்தில் அக்கா. அழைக்காமல் வந்திருந்தாள்.

குரு வாயைத் திறக்கும் முன் அவள் எழுந்தாள். "ஐயா, நான் ஆஸ்பத்திரில காது பாக்கறவ. அந்த உயிர் மூச்சை எப்படிக் கேக்கறதுன்னு கத்துக்க வந்தேன். எங்ககிட்ட தினமும் நிறையப் பேர் வர்றாங்க."

ஆஸ்பத்திரி என்றதும் குருவின் முகத்தில் ஒரு புதுப் பலகை தெரிந்தது. 'மருத்துவத் துறையினர் ஏற்றது'. "தாராளமா கத்துக்கம்மா" என்றார்.

"நீங்க கேக்கும்போது முகம் எப்படி மாறுதுன்னு எல்லாரும் பாக்கணும். முன்னாடி வந்து எங்களோட உக்காருங்களேன். பட்டனை நான் தட்டிக்கறேன்."

குரு மேசையை ஒரு தரம் பார்த்தார். எழ மனமில்லை. ஆனால் கூட்டம் விடவில்லை. "வாங்க குருவே, எங்களோட உக்காருங்க" என்று கெஞ்சியது. பக்தியில் இது ஒரு தொல்லை. சில சமயம் பக்கத்தில் வந்துவிடும். குரு இறங்கி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

அக்கா மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, ஆஸ்பத்திரிக் குரலில் சொன்னாள். "எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க. உயிர்நாதத்தைப் போடறேன். மூச்சு கேட்டதும் கையைத் தூக்குங்க. அவசரம் இல்ல."

அறை அமைதியானது. மின்விசிறி சுற்றுகிற சத்தம்தான். முதலில் உயர்ந்தது குருவின் கை. வழிகாட்டி அல்லவா. துணி சரசரத்த சத்தத்திலேயே விஷயம் பரவி, விளம்பரக்காரர் கை, வீடியோக்காரர் கை, டீச்சர் கை என்று வரிசையாக எழுந்தன. கணினிப் பெட்டியைத் தூக்கி வந்தவர் இரண்டு கையையும் தூக்கினார். பெட்டி எடைக்குப் பழகிய கை.

"கண்ணைத் திறங்க. தூக்கின கை அப்படியே இருக்கட்டும்."

திறந்தார்கள். ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய கம்பி அக்காவின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. கணினியையே அவள் இன்னும் முடுக்கவில்லை. திரை கருப்பாக இருந்தது. காட்டில் மரம் நிற்பதுபோல் அறை முழுக்கக் கைகள்.

மெட்டு தன் கையைப் பார்த்தான். அதுவும் மேலேதான் இருந்தது. அக்கா கதை கதையாகச் சொன்ன பிறகும் மேலேதான் இருந்தது. காது மடல் சுட்டது.

குரு லேசுப்பட்டவரா? ஒரு நிமிடம்கூடத் திகைக்கவில்லை. "பாத்தீங்களா?" என்றார் அமைதியாக. "நாதத்துக்குக் கம்பி எதுக்கு?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. "அதானே. எனக்கு மனசுல கேட்டுது" என்றார் விளம்பரக்காரர். "எனக்கும்" என்றார் இன்னொருவர். கம்பி இல்லாமலே கேட்கவைத்தாரே என்று இரண்டு பேர் கும்பிடவே தொடங்கிவிட்டார்கள். அக்காவுக்கு வாய் அடைத்துப்போனது. அவள் வாய் அடைத்து மெட்டு பார்த்ததே இல்லை.

அவன் எழுந்தான். மூச்சு கேட்டது பொய், சரி. ஆனால் அன்று அந்த இசை நெஞ்சில் மோதியது பொய்யில்லையே. கண் கலங்கியது பொய்யில்லையே. அப்படியானால் ஏதோ நடந்திருக்கிறது. எங்கே? அவன் மேசைக்குப் பின்னால் போய் குருவின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"தம்பி, அது என் பீடம். எழுந்திரு." குருவின் குரலில் முதல்முறையாகச் சுருதி விலகியது.

கீபோர்டுக்காரன் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் வலது கால் தானாகவே ஒன்றைத் தேடும். அவன் கால் தேடியது. தொங்கும் துணிக்குப் பின்னால் அது இருந்தது. பழக்கமான சரிவு, பழக்கமான ரப்பர். மேடையில் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் காலால் அழுத்தும் கட்டை.

"அக்கா, கம்பியைச் செருகு. கம்ப்யூட்டரைப் போடு. அந்தப் பழைய சாப்ட்வேரையே திற. தோஷம் பிடிச்சது."

அன்று குரு ஏற்றிவைத்திருந்த அவனுடைய இசை ஓடியது. சவசவ என்று. மெட்டு காலை அழுத்தினான். அறை நிறைந்தது, அம்மாக்காரி வெளியேறினாள், கதவு சாத்தியது. காலை எடுத்தான். செத்தது. மறுபடி அழுத்தினான். பிழைத்தது. துணியைத் தூக்கி எல்லோருக்கும் காலைக் காட்டினான்.

"உயிர் இங்க இருக்கு. சத்தம் ஒரு துளி கூடினா எல்லாருக்கும் நல்லா இருக்கற மாதிரிதான் தோணும். சாப்ட்வேர் எதுவா இருந்தாலும்."

விளம்பரக்காரர் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது. கும்பிட்டவர்கள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்கள். சிரிக்காதவர் பாட்டு டீச்சர் ஒருவர். அவர் குருவின் முன்னால் போய் நின்றார்.

"பசங்களுக்காகப் போட்டு வெச்ச பாட்டு எல்லாத்தையும் போன தடவை அழிச்சேன். நீங்கதான் சொன்னீங்க. அது?"

"நாதத்துல கலந்துருச்சும்மா."

"எனக்கு என் பாட்டுதான் வேணும்" என்றார் டீச்சர். சிரிப்பு அடங்கிவிட்டது. மெட்டு தன் விரலைப் பார்த்தான். ஒரு விரல் அசைவுதான் மிச்சம், தானும் அப்படித்தான் நின்றிருப்போம். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விதை ஓசைகள் வைத்திருந்த மேசையைத் தள்ளிவிட்டு, நடந்தார். அதன் பிறகு கொடுத்த காணிக்கை ஞாபகம் வந்து எல்லோரும் குருவைச் சூழ்ந்தார்கள். நாதத்துக்குக் கம்பி தேவையில்லாமல் இருக்கலாம். குருவுக்குப் பின்கதவு தேவைப்பட்டது. அந்த அறைக்கு அது இல்லை.

மெட்டு தன் கணினியை மூடி அக்காவோடு படி இறங்கினான். பாதிப் படியில் வீடியோக்காரர் ஓடி வந்து வழி மறித்தார். அவருக்குப் பின்னால் பாதிக் கூட்டம், கையில் கணினிகளோடு. எல்லோர் பார்வையும் அக்காவின் மேல்.

"மேடம், அந்த ஆள் ஃபிராடு, தெரிஞ்சு போச்சு. அப்ப எங்களுக்குப் பொருத்தமான சாப்ட்வேர் எது? நீங்களே ஒரு தரம் பாத்துச் சொல்லிடுங்களேன்." சொல்லிக்கொண்டே நெற்றியைக் குனிந்து காட்டினார்.

"பணம் கட்றதுக்கு முன்னாடி சும்மா பயன்படுத்திப் பாக்க விடுற சாப்ட்வேர் எத்தனையோ இருக்குங்க" என்றான் மெட்டு. "உங்க கம்ப்யூட்டர் அதைத் தாங்குதா, உங்க கீபோர்டு அதுல வேலை செய்யுதா, நீங்க தேடறது கைக்குச் சட்டுனு கிடைக்குதா, பாருங்க. எதுல ஒரு பாட்டு முடியுதோ அதை வெச்சுக்கோங்க."

அவனை யாரும் கவனிக்கவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, மேடம் சொல்லட்டும்" என்றார் விளம்பரக்காரர். வரிசைகூட அமைந்துவிட்டது.

அக்கா எல்லா நெற்றிகளையும் ஒரு முறை பார்த்தாள்.

"காது ரெண்டும் கேக்குதான்னு நான் சோதிச்சுச் சொல்லுவேன். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு பாருங்க, அதைச் சோதிக்க எங்க ஆஸ்பத்திரில மெஷின் கிடையாது. வேலை செய்யுதா இல்லையான்னு அவங்கவங்களே போட்டுத்தான் பாக்கணும்."